17 மாதப் பையனுக்கு ஏறி உந்தும் வண்டி செய்தேன், முதல் நாளே கவிழ்ந்தது. எங்கே தப்பு?

ஈசூன்_அப்பா | சனி, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறோம். மகனுக்கு 17 மாதம். நடை வந்துவிட்டது. இப்போது எதைப் பார்த்தாலும் அதன் மேல் ஏறி உட்கார வேண்டும். அரிசி வாளி, துணிக்கூடை, தாத்தா மடக்கி வைத்த பாய் என்று எதுவும் பாக்கியில்லை. சரி, காலால் உந்திக்கொண்டு போகிற மாதிரி ஒரு குட்டி வண்டி நாமே செய்து கொடுப்போம் என்று இறங்கினேன். பெடலும் இல்லை, மோட்டாரும் இல்லை. பலகை, நாலு சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, அவ்வளவுதான்.

பக்கத்து புளோக்கில் யாரோ கழற்றிப் போட்ட அலமாரிப் பலகை கிடைத்தது. 40க்கு 20 செ.மீ. அறுத்தேன். கீழே ஹார்ட்வேர் கடையில் நாற்காலிக்குப் போடும் சுழல் சக்கரம் நாலு வாங்கினேன், 10 வெள்ளி (டாலர்). நாலு மூலையிலும் திருகி முடித்தபோது பெருமை தாங்கவில்லை.

பயல் ஏறினான், ஒரு உந்து உந்தினான். வண்டி நேராகப் போகாமல் பக்கவாட்டில் வழுக்கியது. அவன் பயந்து பின்னால் உந்த, அப்படியே மல்லாந்தது. கைநீட்டிப் பிடித்துவிட்டேன், தலை தரையில் படவில்லை. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருக்கிறது.

பலகையை அகலமாக்கினால் சரியாகுமா?

கோப்பிக்கடை_மணி | சனி, இரவு 11:41

கேரோசலில் (பழைய சாமான் விற்கிற ஆப்) 15 வெள்ளிக்கு நல்ல பிளாஸ்டிக் கார் கிடைக்குது. பிள்ளை ஆறு மாசம் ஓட்டும், அப்புறம் அதே 15 வெள்ளிக்கு வித்துடலாம். இதுக்குப் போய் ரம்பம் தூக்கணுமா பாஸ்?

இழைப்புளி | ஞாயிறு, காலை 7:05

தம்பி, அகலத்தில் கோளாறு இல்லை. சக்கரம்தான். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். திருகியிருக்கிற இடம் ஒன்று, சக்கரம் தரையைத் தொடும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் 2.5 அல்லது 3 செ.மீ. தள்ளல் இருக்கும். சுழல் சக்கரம் எப்போதும் போகிற திசைக்கு எதிராகத் திரும்பிக்கொண்டு பின்னால் இழுபடும். வண்டி இடப்பக்கம் வழுக்கினால் நாலு சக்கரமும் வலப்பக்கம் திரும்பும். அப்போது இடது ஓரத்துச் சக்கரங்கள் 3 செ.மீ. உள்ளே ஒதுங்கிவிடும். பிள்ளை சாய்வது எந்தப் பக்கம்? அதே இடப்பக்கம். பின்னால் உந்தினாலும் இதே கதைதான். பின் சக்கரம் முன்னுக்கு வந்துவிடும், முதுகுப் பக்கம் முட்டுக்கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் மல்லாந்தான்.

ஆக எந்தப் பக்கம் விழப் போகிறானோ அந்தப் பக்கத்துக் காலையே மடக்கிக்கொள்கிற நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்திருக்கிறீர்கள். நாற்காலிச் சக்கரம் நாற்காலிக்கு. பெரியவர்கள் காலை ஊன்றிச் சமாளித்துக்கொள்வார்கள்.

அலமாரிப் பலகையையும் விட்டுவிடுங்கள். அது மரமே இல்லை, மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது. திருகு நிற்காது. வீடு துடைக்கிற ஈரம் பட்டால் ஓரம் பிஸ்கட் மாதிரி உப்பும். 18 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். முழுத்தகடு வேண்டாம், வெட்டுத்துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் பெரும்பாலும் சும்மா தருகிற விலைக்குத் தருவார்.

சக்கரம் திரும்பவே கூடாது. முன்னே ஒரு அச்சு, பின்னே ஒரு அச்சு. 8 மி.மீ. எஃகுக் கம்பி. ஸ்கேட் சக்கரத்தில் வருகிற 608 பேரிங் அதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மி.மீ. மரச்சக்கரம் செய்வதானால் நடுவில் 22 மி.மீ. துளை போட்டு பேரிங்கைத் தட்டி இறக்கிவிடலாம்.

ஈசூன்_அப்பா | ஞாயிறு, காலை 9:30

அண்ணே, கவிழ்த்து அளந்து பார்த்தேன். தள்ளல் 28 மி.மீ. நீங்கள் சொன்ன மாதிரியே விரலால் சுற்றச் சுற்ற உள்ளே போய் வெளியே வருகிறது. இத்தனை நாள் அலுவலகத்தில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை.

மணி, வாங்கலாம்தான். ஆனால் ஒருமுறை தோற்றுவிட்டேனே, இனி எப்படி விடுவது?

இரட்டையர்_அம்மா | ஞாயிறு, காலை 10:12

பலகையை வெட்டுறதுக்கு முன்னாடி பிள்ளையை அளந்தீங்களா? யாருமே அளக்கிறதில்ல. சுவரோட சேர்த்து நிக்க வச்சு, ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு புத்தகத்தை மெதுவா மேலே ஏத்துங்க. அது நிக்கிற இடத்துல பென்சிலால கோடு. தரையிலேருந்து அந்தக் கோடு வரைக்கும்தான் கால் நீளம். எங்க வீட்டு ரெண்டுக்கும் ஒன்றரை வயசுல 28, 29 இருந்துச்சு. இருக்கையை 22ல வச்சோம். உட்கார்ந்தா முழங்கால் கொஞ்சம் மடங்கி, உள்ளங்கால் முழுசா தரையில படணும். விரல் நுனி மட்டும் பட்டா அது உயரம், உந்தத் தெரியாம முழிக்கும்.

அகலமும் முக்கியம். 20 செ.மீ. பலகையில உட்கார்ந்தா பிள்ளை காலை விரிச்சு வச்சுக்கிட்டு தவளை மாதிரி இருக்கும். தொடை போற இடத்துல 14, 15 போதும். இருக்கை ஒடுக்கமாவும் சக்கரம் அகலமாவும் இருக்கட்டும்.

அப்புறம் பின் சக்கரத்துல குதிகால் இடிக்குதான்னு பாருங்க. உந்தி முடிச்சு கால் பின்னால போகும்போதுதான் இடிக்கும். எங்க மூத்தவளுக்கு (ஏழு நிமிஷம் மூத்தவ) ரெண்டு குதிகாலும் சிவந்து போச்சு. நாங்க செருப்பு கடிச்சதுன்னு நினைச்சோம்.

தெம்பனிஸ்_வீரா | ஞாயிறு, பிற்பகல் 1:15

அச்சு திரும்பாதுன்னா எப்படி ஓட்டுவான்? மூணு அறை வீட்டுக் கூடம் எவ்வளவு பெரிசுன்னு எல்லாருக்கும் தெரியும். நாலு உந்து உந்தினா டிவி அலமாரி வந்துடும். ஹேண்டில் வச்சு முன் அச்சைத் திருப்புற மாதிரி செய்ங்க, அதுதான் வண்டி.

இழைப்புளி | ஞாயிறு, பிற்பகல் 2:02

வீரா, முன் அச்சை நடுவில் ஒரு போல்ட்டில் நிறுத்தினால் திரும்பும், வாஸ்தவம். அச்சு முழுசாகத் திரும்பும்போது முன் சக்கரம் இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். நாலு சக்கர வண்டி மூணு சக்கர வண்டியாகிவிடும், அதுவும் பிள்ளை கைப்பிடியில் முழுப்பாரத்தையும் போட்டுச் சாய்ந்திருக்கிற நேரத்தில். வைத்தே ஆகவேண்டும் என்றால் இரு பக்கமும் கட்டை அடித்து 15 டிகிரிக்கு மேல் திரும்பாமல் செய்யுங்கள்.

இந்த வயசுக்கு அதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். சுவரில் முட்டினால் பிள்ளை இறங்கி, வண்டியின் வாலைத் தூக்கித் திருப்பி வைத்து மறுபடி ஏறும். செய்து பாருங்கள், தெரியும்.

செம்பவாங்_தாத்தா | ஞாயிறு, மாலை 5:48

இழைப்புளி சொல்வது சரி. ஊரில் தேர் ஓடுகிறதே, அதன் அச்சு எந்தப் பக்கமாவது திரும்புமா? நேராகத்தான் போகும். வீதி முனையில் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போட்டு, ஒரு பக்கம் தடுத்து மறுபக்கம் இழுத்துத்தான் திருப்புவார்கள். அவ்வளவு பெரிய தேருக்கே அதுதான் ஏற்பாடு. பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குக் கடைசிப் பருவம் சிறுதேர் என்று வைத்தார்கள். அந்தச் சிறுதேருக்கும் ஹேண்டில் இருந்திருக்காது.

நான் கப்பல் பட்டறையில் தச்சு வேலை பார்த்தவன். 1974ல் என் மகனுக்கு, யந்திரம் வந்த பெட்டியின் பலகையில் நடைவண்டி செய்தேன். மூன்று சக்கரம், பின்னால் இரண்டு முன்னால் ஒன்று. பிடித்துக்கொண்டு நிற்க ஒரு சட்டம். சக்கரத்தைச் சுங்கை ரோட்டில் பழைய சாமான் விற்கிறவனிடம் பேரம் பேசி வாங்கினேன். அந்தச் சந்தையும் 2017 ஜூலையோடு போயிற்று. இன்று இருந்தால் ஈசூன் தம்பிக்கு ஒரு வெள்ளியில் வேலை முடிந்திருக்கும்.

நடைவண்டியில் ஒரு சூட்சுமம் சொல்கிறேன், உங்கள் வண்டிக்கும் உதவும். சக்கரம் லேசாக உருளக் கூடாது. ஊர் ஆசாரி மரச்சக்கரத்தை மர அச்சில் இறுக்கமாகப் போடுவார். கறமுற என்று முனகிக்கொண்டே போகும். பிள்ளை தள்ளுகிற அளவுக்குத்தான் வண்டி நகர வேண்டும். பிள்ளையை முந்திக்கொண்டு வண்டி ஓடினால் முகம் குப்புற விழும். பேரிங் போட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் அல்லவா?

இரட்டையர்_அம்மா | ஞாயிறு, இரவு 8:20

ஐயா, வாக்கர் வேண்டாம்னு எங்க குழந்தை மருத்துவர் கண்டிப்பா சொல்லிட்டாங்க. கனடாவுல 2004லேயே விற்கக்கூடாதுன்னு தடையே போட்டுட்டாங்க.

செம்பவாங்_தாத்தா | ஞாயிறு, இரவு 8:51

அம்மா, அது பிள்ளையை நடுவில் தொங்கவிட்டுச் சுற்றிச் சக்கரம் வைத்தது. நடக்கத் தெரியாத பிள்ளைக்கு வேகம் கொடுத்துவிடும், கையெட்டாததும் எட்டும். நான் சொல்வது எழுந்து நின்ற பிள்ளை வெளியிலிருந்து தள்ளுவது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் வந்த குழப்பம். நீங்கள் மருத்துவர் சொன்னபடியே கேளுங்கள்.

இழைப்புளி | ஞாயிறு, இரவு 9:10

தாத்தா சொன்னதற்குப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பேரிங் என்று சொன்னது என் கைப்பழக்கம். கூடத்து டைல்ஸில் பேரிங் சக்கரம் ஒரு உந்துக்கு மூணு மீட்டர் ஓடும். கம்பியின் மேல் நேரடியாக மரச்சக்கரமே போதும். துளையை 8.5 மி.மீ. ஆக்கி, உள்ளே மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். தேயும், ஆனால் பிள்ளை வளர்கிற வேகத்துக்குத் தேயாது.

கவசம் | திங்கள், காலை 8:03

வேலை பாதுகாப்பு அதிகாரி. பழக்கதோஷம், மன்னிக்கவும்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் சிறு பாகங்களுக்கு ஒரு சோதனை உண்டு. 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுசாக அடங்குகிற எதுவும் தொண்டையில் சிக்கலாம். நட்டு, வாஷர், அலங்காரத்துக்கு ஒட்டும் கண், காது எல்லாம் அடங்கிவிடும். ஆகவே அவை கழலவே கூடாது. சாதாரண நட்டு அதிர்வில் தளரும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள், ஒருமுறை கழற்றினால் புதிசு மாற்றுங்கள்.

சக்கரத்துக்கும் பலகைக்கும் இடைவெளி 5 மி.மீ.க்குக் கீழே இருக்கட்டும், அல்லது 12க்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் குழந்தை விரல் உள்ளே போகும், வெளியே வராது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கைப்பிடி முனை தடித்து உருண்டையாக இருக்க வேண்டும். விழுந்தால் நெஞ்சிலும் முகத்திலும் படுவது அதுதான்.

பிள்ளையை ஏற்றுவதற்கு முன் 25 கிலோ ஏற்றிப் பாருங்கள். 1 மீட்டர் பலகையின் ஒரு முனையை 17 அல்லது 18 செ.மீ. தூக்கினால் ஏறத்தாழ 10 டிகிரி சரிவு. அதன் மேல் வண்டியைப் பக்கவாட்டில் வையுங்கள், பிறகு மேல்நோக்கி, பிறகு கீழ்நோக்கி. சக்கரம் உருளாமல் அடை கொடுங்கள். எந்தப் பக்கமும் தூக்கக் கூடாது.

கோப்பிக்கடை_மணி | திங்கள், காலை 8:30

15 வெள்ளி கார். நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

ஈசூன்_அப்பா | திங்கள், இரவு 10:15

கேள்வி இரண்டு. ஒன்று, மேல்பூச்சுக்கு என்ன போடுவது? எல்லாவற்றையும் வாயில் வைக்கிறான். வீட்டில் தேங்காய் எண்ணெய் இருக்கிறது, அப்பா ஆளிவிதை எண்ணெய் நல்லது என்கிறார். இரண்டு, இங்கே துவாஸ் பக்கம் கிடங்கு ஒன்றில் சரக்கு அடுக்கும் பாலெட் மரம் சும்மா தருகிறார்கள். எடுக்கலாமா?

இழைப்புளி | திங்கள், இரவு 10:58

தேங்காய் எண்ணெய் காயாது. நாளடைவில் சிக்கு வாடை வரும், தூசி ஒட்டும், எறும்பும் வரலாம். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் "காய்ச்சியது" என்று டப்பாவில் விற்பது பெரும்பாலும் காய்ச்சியதல்ல, சீக்கிரம் உலர உலோக உப்பு கலந்தது. வாயில் வைக்கிற பிள்ளைக்கு வேண்டாம். இன்னொன்று, அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். உலரும்போது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பன்னிரண்டாவது மாடியில் குப்பைத் தொட்டி புகைவதை நினைத்துப் பாருங்கள்.

தண்ணீர் கலந்த வார்னிஷ் வாங்குங்கள். டப்பாவில் பொம்மைக்கு உகந்தது, ஈஎன் 71-3 (ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரம்) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். மெல்லியதாக மூணு கை. நடுநடுவே 240 நம்பர் உப்புத்தாள். கடைசிக் கை அடித்துவிட்டு ஒரு வாரம் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். மூக்கை வைத்தால் வாடை வரக்கூடாது.

பாலெட்டில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். ஹெச்டி என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது. எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். ஹெச்டியாக இருந்தாலும் அதில் என்ன இரசாயனம் கொட்டியது என்று யாருக்குத் தெரியும்? தோட்டத்துக்குத் தொட்டி செய்யலாம். பிள்ளைக்கு 8 வெள்ளி செலவழியுங்கள்.

தெம்பனிஸ்_வீரா | செவ்வாய், மதியம் 12:40

ஞாயித்துக்கிழமை அறுக்காதீங்க, ஞாயிறும் பொது விடுமுறையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுல புதுப்பிப்பு வேலைக்கே அனுமதி இல்லை. பொம்மைதான்னு சொன்னா மேல்வீட்டு ஆன்ட்டி நம்புவாங்களா? வண்டியைத் தாழ்வாரத்துல நிறுத்தறதுன்னா 1.2 மீட்டர் வழி விட்டே ஆகணும், குடிமைத் தற்காப்புப் படை (தீயணைப்பு) விதி. நாங்க ஷூ அலமாரிக்கே கடிதம் வாங்கினவங்க.

ஈசூன்_அப்பா | ஞாயிறு, இரவு 9:35

முடிந்தது! படம் ஏற்ற முடியவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன்.

கால் நீளம் 27 வந்தது. இருக்கை 21. நீளம் 46, முன்பக்கம் 14 செ.மீ.க்கு ஒடுக்கி, பின்னால் கொஞ்சம் அகலம் விட்டேன். முன்னும் பின்னும் குறுக்குப் பலகை நிறுத்தி அதன் மேல் இருக்கை. ஒட்டி, திருகி, ஒரு இரவு கிளாம்ப் போட்டு வைத்தேன். சக்கரம் பிளைவுட்டில் 10 செ.மீ., வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 27. பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வாஷர் போட்டு 3 மி.மீ. மட்டும் விட்டிருக்கிறேன். கம்பியின் இரு முனையிலும் நட்டு ஏற மரை வெட்டித் தந்தது ஜாலான் புசார் பக்கம் ஒரு கடைக்காரர். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். வெட்டுக்கூலி வாங்கவில்லை.

உப்புத்தாள் வேலைதான் ஆளைக் கொன்றது. பிளைவுட்டின் அடுக்கு ஓரம் எத்தனை தேய்த்தாலும் எங்காவது ஒரு சிலாம்பு நிற்கிறது. கடைசியில் மனைவியின் பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டித் தடவினேன். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே மறுபடி தேய்ப்பு. பதினொரு இடத்தில் சிக்கியது.

அரிசி மூட்டை சோதனையும் ஆயிற்று. 10 கிலோ இரண்டு, 5 கிலோ ஒன்று, கயிறு போட்டுக் கட்டி இஸ்திரிப் பலகையின் மேல் ஏற்றினேன். பக்கவாட்டில் அசையவில்லை. மேல்நோக்கி வைத்தபோது முன் சக்கரம் மயிரிழை தூக்கியது. பின் அச்சை 4 செ.மீ. பின்னுக்குத் தள்ளினேன். இரட்டையர் அம்மா சொன்ன குதிகால் இடியும் அதோடு போனது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அப்பா கூடத்தில் உட்கார்ந்து, "அரிசிக்கு நல்லா பொருந்துதுடா" என்றார்.

டைல்ஸில் சத்தம் கடகட என்று கேட்டது. கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பதற்குள் பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் பட்டையாக வெட்டி, சக்கரத்தைச் சுற்றி ஒட்டிவிட்டேன். இப்போது தாத்தா சொன்ன மாதிரி முனகல் மட்டும்தான். உந்தினால் ஒரு முழம் போய் நின்றுவிடுகிறது.

பயல் ஏறினான். முதலில் பின்னால்தான் போனான். பத்து நிமிடம் பின்னாலேயே போய் சோபாவில் முட்டி, இறங்கி, இழைப்புளி அண்ணன் சொன்னபடியே வாலைத் தூக்கித் திருப்பினான். மனைவி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பேசவும் செய்தாள்.

கோப்பிக்கடை_மணி | ஞாயிறு, இரவு 9:50

மொத்தம் எவ்வளவு ஆச்சு?

ஈசூன்_அப்பா | ஞாயிறு, இரவு 9:58

பலகை 8, கம்பியும் நட்டும் 6, வார்னிஷ் 19, கிளாம்ப் 22. முதலில் வாங்கிய சுழல் சக்கரம் 10. கூட்டிக்கொள்ளுங்கள், எனக்குத் தைரியம் இல்லை.

கோப்பிக்கடை_மணி | ஞாயிறு, இரவு 10:01

65. நாலு கார் வாங்கிட்டு மீதியில ரெண்டு கோப்பியும் குடிச்சிருக்கலாம். சரி, நல்லாயிருக்கட்டும். கிளாம்ப் வேலை முடிஞ்சுதுன்னா எனக்குக் கடனா தாங்க. எங்க வீட்டுல ஒரு அலமாரிக் கதவு தொங்குது.

ஈசூன்_அப்பா | செவ்வாய், இரவு 10:20

ஒரு சின்னப் பிரச்சினை. ஓட்டுவதைவிட சக்கரத்து நட்டைத் திருகிப் பார்ப்பதில்தான் இப்போது ஆர்வம். குத்தவைத்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு விரலால் சுற்றுகிறான். நைலான் நட்டு அசையவில்லை. ஆனால் கம்பி முனை வெளியே நாலு மரை நீட்டிக்கொண்டிருக்கிறது, விரலில் கீறல் விழுந்தது.

கவசம் | புதன், காலை 7:55

நீட்டியிருக்கிற முனையை அரம் போட்டு மழுக்குங்கள். அதன் மேல் எம்8 (8 மி.மீ. கம்பிக்கானது) குமிழ் நட்டு ஒன்று, நட்டு தளராமல் பிடிக்கும் மரைப்பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். முதலில் போட்ட நைலான் நட்டைக் கழற்ற வேண்டாம்.

செம்பவாங்_தாத்தா | புதன், காலை 9:14

பையனுக்கு ஒரு பெரிய போல்ட்டும் நட்டும் தனியாகக் கொடுங்கள் தம்பி. கைக்குள் அடங்காத அளவு, மரத்தில் செய்தது. என்னிடம் பழைய தேக்குத் துண்டு கிடக்கிறது, நானே கடைந்து தருகிறேன். ஈசூனில் எந்தப் பக்கம்?